நிழற்படத்தில் வானம்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் பயிற்சி அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளிவிழா மேடையில் ஒரு தலைமையாசிரியரை ஏற்றினால் அவர் கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அதனைப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் இங்கு வீற்றிருக்கின்றனர். செயலாளர் அவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்போ வேறு. "நம் பிள்ளைகள் பலர் கேமராவும் கையுமாக இருக்கிறார்கள். சிலர் திருமண வீடுகளில் படம் எடுத்துப் படிப்புச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். இயற்கைக் காட்சிப் படங்களில் வானத்தை மென்பொருள் கொண்டு மெருகூட்டுவதைப் பற்றி அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டும்" என்றார். நான் வரலாறு படித்த பி.ஏ., பி.எட். பட்டதாரி. பௌதிகத்தை முறையாகப் பயின்றவன் அல்லன். எனினும் இப்பொருளோடு எனக்கு ஒரு பழைய உறவு உண்டு. அண்மையில் பட்ட ஒரு வடுவும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்வேன்.

கல்லூரியில் படித்த நாட்களில், கோடை விடுமுறை தோறும் பக்கத்து நகரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். இருட்டறையில் படம் கழுவுவதும், ஹைப்போத் தொட்டியில் தாளைப் புரட்டுவதும், உலர்ந்த படங்களை ஓரம் நறுக்குவதும் என் பணி. அந்த ஸ்டுடியோவின் பின்சுவரில் ஒரு திரை தொங்கும். அதில் மாளிகைத் தூண்களும், ஏரியும், ஏரிக்கு மேலே பஞ்சுப் பொதி போன்ற மேகங்களும் தீட்டப்பட்டிருக்கும். நம் தாய்மார்களும் தந்தையரும் திருமணமான புதிதில் எடுத்துக்கொண்ட படங்களை வீட்டுக்குச் சென்றதும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அவர்களுக்குப் பின்னால் இருப்பது அத்தகைய திரை வானமே. ஆதலால், இல்லாத வானத்தைப் படத்தில் சேர்ப்பது இன்றைய கணினி கற்பித்த புதுப்பழக்கம் என்று எவரேனும் கூறினால் நான் ஒப்பமாட்டேன்.

திரையை விட எனக்கு வியப்பளித்தது இருட்டறையில் முதலாளி செய்த ஒரு வேலை. வெளிப்புறப் படம் ஒன்றை என்லார்ஜரில் அச்சிடும்பொழுது, முதலில் முழுத் தாளுக்கும் ஒளி கொடுப்பார். பின்னர் நிலப்பகுதியை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, வானம் விழும் மேற்பகுதிக்கு மட்டும் இன்னும் சில விநாடிகள் ஒளி விழச் செய்வார். அட்டையை ஓரிடத்தில் நிறுத்தமாட்டார். மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்பார். நிறுத்தினால் படத்தில் கோடு விழுந்துவிடும். அதிக ஒளி பட்ட இடம் தாளில் கருக்கும். வெள்ளையாகக் கிடந்த வானத்தில், டெவலப்பரில் இட்டவுடன், மேகத்தின் வயிறும் முதுகும் தெரியத் தொடங்கும். "மேகம் நெகட்டிவில்தான் இருக்கிறது, தம்பி. அதை வெளியே கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்" என்பார். நான் இன்று சொல்லப்போகும் செய்திகளுக்கு வித்து அந்த ஒரு வார்த்தைதான்.

வானம் ஏன் வெளுத்துப்போகிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் கண் ஒரே நேரத்தில் வெயிலில் மின்னும் மேகத்தையும் புளியமரத்தடி நிழலையும் பிரித்தறியக் கூடியது. மேகத்தைப் பார்க்கையில் பாவை சுருங்குகிறது. நிழலைப் பார்க்கையில் விரிகிறது. மூளை இரண்டையும் ஒட்டி ஒரே காட்சியாக நமக்குத் தருகிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அது ஒரே அளவு ஒளியைக் கொண்டே முழுக் காட்சியையும் பதிய வேண்டும். நிலத்துக்கு ஏற்ற ஒளி கொடுத்தால் வானம் வெளுக்கிறது. வானத்துக்கு ஏற்ற ஒளி கொடுத்தால் நிலம் கருக்கிறது. அன்றியும், நம் பகுதியில் சித்திரை, வைகாசி நண்பகலில் தூசியும் வெப்பப் புகைச்சலும் நிறைந்த வானம் உண்மையிலேயே வெளிறித்தான் இருக்கும். அது கேமராவின் குற்றம் ஆகாது.

தொடக்க காலத்தில் இந்த இடர்ப்பாடு இன்னும் கடுமையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வழங்கிய கொலோடியன் கண்ணாடித் தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே விரைந்து உணரும். பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய உணராது. நீல வானம் தகட்டில் முழுதும் ஒளியேறிப்போகும். அச்சிட்டால் வெறும் வெள்ளைத் தாள். பிரான்சு நாட்டுப் படப்பிடிப்பாளர் குஸ்தாவ் லெ கிரே இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எனத் தனித்தனியே எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். செத் என்னும் துறைமுகத்தருகே 1857-இல் அவர் எடுத்த 'பேரலை' என்னும் படம் இவ்வாறு உருவானதே. அக்காலத்தில் நல்ல மேகம் கிடைத்தபோதெல்லாம் அதனைத் தனி நெகட்டிவாக எடுத்துப் பெட்டியில் சேமித்து வைத்து, வேண்டிய படத்துக்கெல்லாம் அச்சிட்டுக்கொண்டவர்களும் உண்டு. இன்று மென்பொருளில் 'வான நூலகம்' என்று ஒன்று இருக்கிறதே, அதன் பாட்டனார் அந்தப் பெட்டிதான்.

நம் நாட்டிலும் இது நடந்தது. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்துறை அதிகாரி 1856-இல் சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக நியமிக்கப்பட்டார். 1857-இன் இறுதியில் புறப்பட்டு, 1858-இல் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் மாட்டுவண்டிப் பயணத்தில் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். வரலாறு படித்தவன் என்ற முறையில் அப்படங்களுக்கு நான் கடமைப்பட்டவன். அவற்றிற் பலவற்றின் வானில் அழகிய மேகங்கள் மிதக்கக் காணலாம். அம்மேகங்கள் மதுரையிலோ தஞ்சையிலோ மிதந்தவை அல்ல. டிரைப் தம் காகித நெகட்டிவின் பின்புறத்தில் தூரிகையால் மை தீட்டி வரைந்தவை! நெகட்டிவில் மை பூசிய இடம் அச்சில் வெளுக்கும். அங்கே மேகம் தோன்றும். ஆகவே அப்படங்களைச் சான்றாகக் கொள்ளும் மாணவன், கோபுரத்தின் தளங்களை எண்ணலாம்; அன்று மதுரையில் மழை மேகம் இருந்தது என்று எழுதிவிடலாகாது. (இன்னொன்றும் எழுதலாகாது. ஒளிபடும் நேரம் நீண்டிருந்தமையால் நடமாடிய மனிதர்கள் தகட்டில் பதியவில்லை. தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பன போலத் தோன்றும். அங்கே மக்களே இல்லை என்று கொள்வது பெரும்பிழை.)

1873-இல் ஜெர்மனியின் ஃபோகல் என்னும் வேதியியலார், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டறிந்தார். பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் வந்தது. அதன்பின் கண்ணாடி வடிகட்டிகள் பயன்பட்டன. கறுப்பு வெள்ளைப் படத்தில், லென்சுக்கு முன் மஞ்சள் கண்ணாடி வைத்தால் நீல ஒளி ஓரளவு தடுக்கப்பட்டு வானம் சற்றுக் கருக்கும். மேகம் வெண்மையாக எழும்பும். சிவப்புக் கண்ணாடி வைத்தால் வானம் ஏறக்குறைய இரவு போலாகிவிடும்.

அமெரிக்காவின் ஆன்செல் ஆடம்சை இங்கு விட்டுவிட்டுப் போக முடியாது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் எர்னாண்டஸ் என்னும் சிற்றூர். அந்தி நேரம். ஆடம்ஸ் காரில் போய்க்கொண்டிருந்தபோது, கீழ்வானில் நிலவு. அதன் கீழ் பனி மூடிய மலைகள். முன்னே ஒரு சிறு தேவாலயமும் கல்லறைச் சிலுவைகளும் கடைசி வெயிலில் வெண்மையாக ஒளிர்கின்றன. வண்டியை நிறுத்தி ஓடினார். ஒளிமானி அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு இவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதைக்கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான அச்சுகள் எடுத்தார். தொடக்கத்து அச்சுகளில் வானம் சாம்பல் நிறமாக, மெல்லிய மேகங்களோடு இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் வானத்தைக் கருக்கிக்கொண்டே போனார். கடைசி அச்சுகளில் அது கன்னங்கரிய வானம். நம் ஸ்டுடியோ முதலாளி அட்டையை ஆட்டிய அதே வேலைதான்.

இதில் நான் வியப்பது வேறொன்று. அப்படத்தை எந்த ஆண்டில் எடுத்தோம் என்பது ஆடம்சுக்கே நினைவில்லை. ஒருமுறை ஓர் ஆண்டைச் சொல்வார். மறுமுறை வேறோர் ஆண்டைச் சொல்வார். பின்னர் வானியலார், படத்தில் நிலவு நிற்கும் இடத்தையும் மலையின் அமைப்பையும் கணக்கிட்டு, அது 1941 நவம்பர் 1-ஆம் நாள் மாலை எடுக்கப்பட்டது என்று நிமிடக் கணக்கில் அறுதியிட்டனர். வானத்தை அவ்வளவு கருக்கிய மனிதர், நிலவை நகர்த்தவில்லை. அதனால் அரை நூற்றாண்டு கழித்தும் அந்த வானம் சாட்சி சொல்லிற்று.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. பல ஆண்டுகள் வரை அதில் வானத்தை மாற்றுவது பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டிய வேலையாக இருந்தது. 2019-இல் லுமினார் என்னும் மென்பொருளும், 2020 அக்டோபரில் போட்டோஷாப்பும், ஒரே சொடுக்கில் வானத்தை அகற்றி வேறு வானத்தைப் பொருத்தும் வசதியைத் தந்தன. 2021-இல் லைட்ரூம், வானத்தை மட்டும் தானே அடையாளங்கண்டு பிரித்துக் காட்டும் வசதியைச் சேர்த்தது. இன்று கைப்பேசிச் செயலிகளே இதனைச் செய்கின்றன. பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத பிள்ளைகள் மனம் தளர வேண்டியதில்லை. கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி ஆகிய மூன்றும் முற்றிலும் இலவசம், சட்டப்படியானவை. திருட்டுப் பிரதியை ஏற்றிக் கணினியில் வைரசை வரவழைத்துக்கொள்வதைவிட இவற்றைக் கற்பது மேல். பிறரிடம் வேலைக்குப் போகும்போது, எந்த மென்பொருளானாலும் அடிப்படை ஒன்றுதான் என்பது விளங்கும்.

அந்த அடிப்படை என்ன? கேமராவில் சாதாரணமாகப் பதிவாகும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகளே உண்டு. வானத்தின் ஓரிடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255-ஐ எட்டிவிட்டால் அங்கே வெறும் வெள்ளை. உள்ளே மேகமும் இல்லை, நீலமும் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாலும் அங்கிருந்த மேகத்தை மீட்க முடியாது. வேறோர் இடத்து மேகத்தை ஒட்டலாம்; அவ்வளவே. 'ரா' என்று சொல்லப்படும் மூலக்கோப்பிலோ, கேமராவைப் பொறுத்து 4,096 அல்லது 16,384 படிகள் உண்டு. பார்வைக்கு வெளுத்ததாகத் தோன்றும் வானத்திலும் அதில் மேகம் ஒளிந்திருக்கக் கூடும். ஆதலால் தம்பிமார்களே, வானம் முக்கியமான படமானால் ராவில் எடுங்கள். நடுத்தரக் கைப்பேசிகள் பலவற்றிலும் 'புரோ' பகுதியில் அவ்வசதி இருக்கிறது. எடுக்கும்பொழுது ஒளியைச் சிறிது குறைத்து, வானம் வெளுக்காதபடி எடுங்கள். ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்புறச் சுவரில் போய் மோதாமல் நின்றால் போதும். இருண்ட நிலத்தைப் பின்னர் ஓரளவு வெளிச்சமாக்கலாம். வெளுத்த வானத்தைத் திரும்பக் கொணர முடியாது. கேமரா ஆடாமல் முக்காலியில் வைத்து, வானத்துக்கொன்று நிலத்துக்கொன்று என இரண்டு படம் எடுத்து இணைப்பது இன்னும் நல்லது. அது லெ கிரே காட்டிய வழியே.

வடிகட்டி வாங்க வசதியுள்ளோர் போலரைசர் ஒன்றை வாங்கலாம். சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானப்பகுதியில் அது நன்கு வேலை செய்யும். ஆட்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டிக் கட்டைவிரலை நேர்செங்குத்தாக விரித்துக் கையைத் திருப்பினால், கட்டைவிரல் காட்டும் திசைகளே அந்தப் பகுதி. அகலக்கோண லென்சில் வானம் ஒருபுறம் கருத்தும் மறுபுறம் வெளுத்தும் திட்டுத்திட்டாகத் தோன்றக்கூடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நான் என் முதல் போலரைசரை வாங்கிய மகிழ்ச்சியில் இதை அறியாமல் ஒரு கட்டு படத்தைப் பாழாக்கினேன்.

மென்பொருளில் கோப்பைத் திறந்தவுடன் நம் பிள்ளைகள் முதலில் செய்வது, நிறச்செறிவை ஏற்றுவது. நீலம் பளிச்சென்று வரும். வீட்டில் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்பார்கள். ஆனால் பனைமரம் பச்சை வார்னிஷ் அடித்தது போலாகிவிடும். மனிதர் முகம் மஞ்சள் பூத்துவிடும். வானத்தை மட்டும் மாஸ்க் கொண்டு பிரித்து எடுத்துக்கொண்டே எதையும் செய்ய வேண்டும். முதலில் ஹைலைட்டைக் குறைத்துப் பாருங்கள். பிறகு ஒளியளவை அரைப்படி, மிஞ்சினால் ஒரு படி குறையுங்கள். பெரும்பாலும் அதிலேயே மேகம் எழுந்துவிடும். மூட்டத்தை நீக்கும் 'டீஹேஸ்' என்னும் கருவியை உப்பைப் போலப் பயன்படுத்துக. மிகுந்தால் வானம் அழுக்கேறித் தோன்றும். ஜேபெக் கோப்பானால் நீலம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். இயற்கை வானம் உச்சியில் ஆழ்ந்த நீலமாகவும், அடிவானத்தை நெருங்க நெருங்க வெளிறியும் இருக்கும். அடிவானத்தை நோக்கிப் பார்க்கையில் நாம் மிகுதியான காற்றினூடே பார்க்கிறோம் என்பதே காரணம். படம் முழுதும் ஒரே நீலத்தைப் பூசுபவன் இதை மறந்தவன். ஆதலால் கருமையை மேலிருந்து கீழாக மெல்லக் கரைந்து போகும்படி அமைத்தல் வேண்டும். முதலாளி அட்டையை ஆட்டியது இதற்காகவே.

எல்லாவற்றினும் பெரிய சோதனை விளிம்பு. மலைமுகடு எளிது, கட்டடம் எளிது. பனை ஓலையும் தென்னங்கீற்றும் வேப்பிலையும் வானத்தோடு கலக்கும் இடத்தில்தான் கைத்திறன் வெளுத்துப்போகும். மென்பொருள் தானாகப் பிரித்துத் தரும் மாஸ்க் ஓலையிடுக்குகளில் பழைய வெள்ளை வானத்தை அப்படியே விட்டுவிடும். வானம் கருத்தபின் ஒவ்வொரு கீற்றைச் சுற்றியும் வெள்ளைக் கோடு ஒளிவட்டம் போல நிற்கும். படத்தை இரு மடங்கு பெரிதாக்கி வைத்து, தூரிகையைச் சிறிதாக்கி, ஓலை ஓலையாகத் திருத்த வேண்டும். அரைமணி நேரம் ஆகும், ஆகட்டும். நம் தாய்மார்கள் ஒரு கூடை முடைய எவ்வளவு நேரம் குனிந்திருந்தார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வானத்தைத் திருத்துவது ஒன்று, மாற்றுவது வேறொன்று. மாற்றும்போது முழுக் காட்சியும் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கும். நிழல் விழும் திசை ஒருபுறம், புதிய வானத்தில் சூரியன் மறுபுறம் என்றிருக்கும். மேலே செவ்வானம், கீழே நண்பகல் வெள்ளை வெயில். ஏரியிலும் வயல் நீரிலும் பழைய வானமே பிரதிபலிக்கும். நீரில் தெரியும் வானம் மேலேயுள்ள வானத்தைவிடச் சற்று மங்கலாக இருப்பதே இயல்பு. மேலே கருமேகமும் நீரில் வெண்மையுமாக இருந்தால் சிறு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

குழந்தை கண்டுபிடிக்கும் அதனை நான் கண்டுபிடிக்கவில்லை. வடு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதனை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் பணிபுரியும் பள்ளிக்கும் நம் மக்கள் வாழும் குடியிருப்புக்கும் இடையே ஓர் ஓடை இருக்கிறது. அதன் மேல் தாழ்ந்த தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் பாலம் மூழ்கும். பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு நீரில் இறங்கி வருவார்கள். சிறு பிள்ளைகள் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அந்த வாரங்களைத் திருப்பினால் 'வ' என்ற எழுத்தே நிரம்பியிருக்கும். ஓராண்டு, என் பழைய மாணவன் ஒருவன், அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மழை விட்ட மறுநாள் காலையில் தன் கைப்பேசியில் பிள்ளைகள் ஓடையைக் கடக்கும் காட்சியைப் படம் பிடித்தான். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, வெயில் வந்துவிட்டிருந்தது. வானம் வெளிறிக் கிடந்தது. அவனுக்கு அது பொறுக்கவில்லை. அன்றிரவு ஒரு செயலியில் அந்த வானத்தை அகற்றிவிட்டுப் புயல் மேகத்தைப் பொருத்தினான். மறுநாள் என்னிடம் காட்டினான். "தம்பி, படம் பேசுகிறதடா!" என்று நான் அவன் முதுகைத் தட்டினேன். பாலத்தை உயர்த்திக் கட்டித்தர வேண்டி நான் எழுதிய மனுவோடு அதனையே இணைத்தேன்.

குறைதீர்க்கும் நாளில் மனுவை வாங்கிய அதிகாரி மரியாதை தெரிந்தவர். நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். படத்தை நெடுநேரம் பார்த்தார். "ஐயா, தாங்கள் தலைமையாசிரியர். மேலே புயல் மேகம் தெரிகிறது. கீழே பிள்ளைகளின் நிழல் வெயிலில் விழுவது போல அழுத்தமாக விழுந்திருக்கிறது. ஓடை நீரில் வெள்ளை வானம் தெரிகிறது. மேகம் கணினியில் வந்தது என்றால், தண்ணீரும் அப்படி வந்ததில்லை என்று நான் எப்படி நம்புவது?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. "மூலப்படம் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்றார். மூலப்படம் இல்லை. செயலி பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டிருந்தது. அதற்குள் ஓடையிலும் நீர் வடிந்துவிட்டது.

வெளியே அந்தத் தம்பி நின்றுகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். "ஐயா, தண்ணீர் பொய்யில்லையே. பிள்ளைகள் பொய்யில்லையே" என்றான். பேருந்து நிறுத்தம் வரை இருவரும் பேசவில்லை. ஒரு மாதம் வரை அவன் பள்ளிப் பக்கம் வரவில்லை. தவறு அவனுடையது என்று நான் எவரிடமும் சொன்னதில்லை, இன்றும் சொல்லமாட்டேன். இருபது வயதுப் பிள்ளை அழகுக்காகச் செய்தான். வரலாறு படித்து, டிரைப்பின் மேகங்களைப் பற்றி வகுப்பில் பாடம் சொன்ன நான் அதைச் சான்றாக இணைத்தேன். அந்த ஓராண்டுப் பிள்ளைகள் என் பாராட்டுக்கு விலை கொடுத்தார்கள்.

வெளிநாட்டில் பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டையில், பக்கத்தின் அளவுக்குப் பொருந்துவதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்து, பெருங்கண்டனத்துக்கு ஆளாயிற்று. 2012-இல் இங்கிலாந்தில் நிலக்காட்சிப் படப் போட்டி ஒன்றில் முதற்பரிசு பெற்ற படம், மேகங்கள் சேர்க்கப்பட்டவை என்று தெரிந்தபின் தகுதியிழந்தது. அவர்கள் இழந்தது பரிசும் பெயரும். நாம் இழந்தது ஒரு மழைக்காலம்.

ஆகவே என் பள்ளியில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். மனுவுக்கும் வழக்குக்கும் செய்தித்தாளுக்கும் எடுக்கும் படத்தில் வானம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஒளியைக்கூடத் திருத்துவதில்லை. எடுத்த கோப்பை எவரும் திறப்பதற்கு முன் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்துவிடுகிறோம். புலனத்தில் அனுப்பினால் கோப்பு சுருங்கிப்போய், எடுத்த நாள், நேரக் குறிப்புகளும் நீங்கிவிடும். ஆதலால் 'ஆவணம்' என்ற முறையில்தான் அனுப்ப வேண்டும். நீதிமன்றம் வரை செல்லும் நிலை வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளோடு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நம் வழக்கறிஞர் தம்பிகள் இதைப் பற்றித் தனியே ஒரு வகுப்பு எடுப்பார்களானால் நன்றாயிருக்கும்.

நாட்காட்டிக்கும் கண்காட்சிக்கும் வீட்டுச் சுவருக்கும் எடுக்கும் படங்களில் அந்தக் கட்டுப்பாடு எனக்கு இல்லை. ஆடம்ஸ் போல வானத்தைக் கருக்குங்கள். வேண்டுமானால் மாற்றவும் செய்யுங்கள். மாற்றியதைப் படத்தின் கீழ் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். திருமண ஆல்பத்தில் மணமக்கள் செவ்வானம் கேட்டால், கொடுத்துக் கூலி வாங்குவதில் இழுக்கொன்றுமில்லை. அவர்களுடைய பாட்டனார் திரை வானத்தின் முன் நின்றவர்தாம். ஆனால் ஒரு வேண்டுகோள். வானத்தை நீலமாக்கும் அதே பொத்தானுக்குப் பக்கத்தில் முகத்தை வெளுப்பாக்கும் பொத்தானும் இருக்கிறது. மணமகளைக் கேளாமல் அதை அழுத்தாதீர்கள். கேட்டாலும், ஒருமுறை மூலப்படத்தை அவளுக்குக் காட்டிவிட்டுப் பிறகு அழுத்துங்கள். நிழலில் நிற்கும் கறுத்த முகம் படத்தில் தெரியவில்லையென்றால், அது முகத்தின் குறையன்று. வானத்துக்கு ஏற்ற ஒளியில் எடுத்துவிட்டு நிலத்தைக் கவனியாது விட்ட நம் குறை.

அந்தத் தம்பி திரும்பி வந்தான். அடுத்த மழைக்காலத்தில், பாலத்தருகே அடிக்கணக்குக் குறித்த ஒரு மூங்கிலை நட்டு, நீர் எந்த அளவில் நிற்கிறது என்பது தெரியும்படி மூன்று நாள் காலையில் படம் எடுத்தான். மூன்றிலும் வானம் வெறும் வெள்ளை. அதே அலுவலகத்தில் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். நேரில் வந்து அளந்தார்கள். இப்பொழுது தூண்களுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். பாலம் எழுந்தபின் எழுந்தது என்று சொல்வேன்.

அம்மூன்றில் ஒன்று இவ்வரங்கின் வாயிலில் மாட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அவனே தை மாதத்து மாலையில் அதே ஓடையை எடுத்த படமும் இருக்கிறது. வானத்தை இரண்டு இரவுகள் உட்கார்ந்து திருத்தியிருக்கிறான்; மேகம் அங்கே இருந்த மேகம்தான். போகும்போது இரண்டையும் நின்று பாருங்கள். இரண்டாவது படத்தில், வலப்புறத்துப் பனையின் ஓலை விளிம்பைக் கூர்ந்து நோக்குங்கள். ஓரிடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு நின்றுவிட்டது. அவனிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த அச்சில் திருத்திவிடுவதாகக் கூறியிருக்கிறான்.